எம்மா மெக்கியன்: நீச்சல் குடும்பத்துப் பெண்ணைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆஸ்திரேலிய நீச்சல் வீராங்கனை எம்மா மெக்கியன் பற்றிப் பேச்சு வந்தாலே ஒரே மாதிரிச் சந்தேகங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. "அப்பா ஒலிம்பிக் வீரர், அப்புறம் என்ன?" என்பதில் தொடங்கி, "ரிலே பதக்கமெல்லாம் ஒரு பதக்கமா?" என்பது வரை போகும். கேட்பவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை வைத்துக்கொண்டு, எனக்குத் தெரிந்த வரை பதில் எழுதியிருக்கிறேன். அவருடைய வாழ்க்கையில் வாரிசு என்பதைவிடக் காத்திருப்புக்குத்தான் பங்கு அதிகம் என்பது என் கருத்து. பதில்களில் அது தானாகவே தெரியும்.

யாருங்க இந்த எம்மா மெக்கியன்? சுருக்கமா சொல்லுங்க.

1994 மே 24 அன்று ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில், கடலோர நகரமான வுல்லங்காங்கில் பிறந்தவர். ஃப்ரீஸ்டைல், பட்டர்ஃப்ளை (இரு கைகளையும் ஒன்றாக வீசி நீந்தும் பாணி) இரண்டிலும் வல்லவர். ரியோ 2016, டோக்கியோ 2020, பாரிஸ் 2024 என மூன்று ஒலிம்பிக்கில் மொத்தம் 14 பதக்கங்கள் வென்றார்: 6 தங்கம், 3 வெள்ளி, 5 வெண்கலம். எந்த விளையாட்டை எடுத்துக்கொண்டாலும், ஆஸ்திரேலியர்களில் இவ்வளவு ஒலிம்பிக் பதக்கம் வேறு யாரிடமும் இல்லை. 2024 நவம்பரில் ஓய்வை அறிவித்தார்.

குடும்பமே நீச்சல் குடும்பம்னு சொல்றாங்களே, யார் யார்?

அப்பா ரான் மெக்கியன் 1980 மாஸ்கோ, 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்குகளில் நீந்தியவர். காமன்வெல்த் போட்டிகளில் நான்கு தங்கம் வாங்கியவர். அம்மா சூசி 1982 பிரிஸ்பேன் காமன்வெல்த் போட்டியில் ஆஸ்திரேலியாவுக்காக நீந்தினார். அம்மாவின் சகோதரர், அதாவது எம்மாவின் தாய்மாமா, ராப் வுட்ஹவுஸ் 1984 ஒலிம்பிக்கில் 400 மீட்டர் தனிநபர் மெட்லியில் (நான்கு பாணிகளையும் ஒருவரே அடுத்தடுத்து நீந்தும் போட்டி) வெண்கலம் வென்றவர். அண்ணன் டேவிட் 2012 லண்டன், 2016 ரியோ இரண்டுக்கும் போனவர்.

இத்தனை பேர் இருந்தும், எம்மாவுக்கு முன்னால் இந்தக் குடும்பத்துக்கு ஒலிம்பிக் தங்கம் கிடைத்ததில்லை. தாய்மாமாவின் வெண்கலம் ஒன்றுதான் வீட்டுக்கு வந்த ஒலிம்பிக் பதக்கம். "குடும்பப் பெருமை" என்று பேசும்போது பலரும் இதைக் கவனிப்பதில்லை.

ஃப்ரீஸ்டைல்னா என்ன? கை மாத்தி மாத்திப் போடுறதுதானே?

பார்ப்பது அதுதான், ஆனால் விதி அப்படிச் சொல்லவில்லை. ஃப்ரீஸ்டைல் போட்டியில் எந்த முறையிலும் நீந்தலாம். குப்புறப் படுத்து, கைகளை மாற்றி மாற்றி வீசி, கால்களை உதைத்துப் போகும் கிரால் முறையே மற்ற எல்லாவற்றையும்விட வேகமானது என்பதால் எல்லோரும் அதையே நீந்துகிறார்கள். மெட்லி போட்டியில் மட்டும் ஃப்ரீஸ்டைல் பகுதியில் பட்டர்ஃப்ளை, பேக்ஸ்ட்ரோக் (மல்லாந்து நீந்துவது), பிரெஸ்ட்ஸ்ட்ரோக் (தவளை போல நீந்துவது) மூன்றும் கூடாது.

குதித்த பிறகும், ஒவ்வொரு முறை சுவரில் திரும்பிய பிறகும், 15 மீட்டருக்குள் தலை நீருக்கு வெளியே வந்துவிட வேண்டும். அதற்குமேல் நீருக்கடியிலேயே போனால் தகுதி நீக்கம்.

அப்பாவே கோச். அப்போ எல்லாம் சுலபமாத்தானே கிடைச்சிருக்கும்?

எனக்கு அதிகம் வரும் கேள்வி இதுதான். குடும்பத்தால் கிடைத்ததை மறைக்க வேண்டியதில்லை. வுல்லங்காங்கில் அவர்களுடைய குடும்பமே நீச்சல் பள்ளி நடத்தியது. தொடக்கப் பயிற்சி அப்பாவிடம். மற்ற குழந்தைகள் குளத்துக்குப் போய்த் தெரிந்துகொள்வதை இவர் வீட்டிலேயே கேட்டு வளர்ந்திருப்பார். அதிகாலையில் எழுவது, தோற்ற மறுநாளும் குளத்துக்குப் போவது, ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கைக் குறைக்க ஒரு வருடம் உழைப்பது, இதெல்லாம் அந்த வீட்டில் யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டிய விஷயமாக இருந்திருக்காது.

ஆனால் நேரத்தைப் பதிவதற்காகச் சுவரில் பதித்திருக்கும் தொடுபலகைக்கு அப்பா பெயர் தெரியாது. தேசியத் தேர்வில் ஒரு தனிநபர் போட்டிக்கு அதிகபட்சம் இரண்டே பேர்தான் ஒலிம்பிக் போக முடியும், அதுவும் தகுதி நேரத்துக்குள் நீந்தியிருந்தால். கிரிக்கெட் அணித் தேர்வு மாதிரி யாராவது உட்கார்ந்து பேசி முடிவெடுக்கும் இடம் அங்கே மிகவும் குறைவு. வாரிசு என்ற சொல்லுக்கு நீச்சலில் அவ்வளவாக வேலை இல்லை என்று நான் நினைப்பதற்குக் காரணம் இதுதான். அடுத்த பதிலைப் படித்தால் இன்னும் தெளிவாகும்.

பெரிய வெற்றிகள் வந்த காலத்தில் அப்பா பயிற்சியாளராக இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். எம்மா வீட்டை விட்டு குயின்ஸ்லாந்துக்குப் போய், மைக்கேல் போல் என்ற பயிற்சியாளரிடம் சேர்ந்தார். போல் கோல்ட் கோஸ்ட்டில் உள்ள கிரிஃபித் பல்கலைக்கழகத்துக்கு மாறியபோது எம்மாவும் கூடவே போனார். மகளைத் தன் கையிலேயே வைத்துக்கொள்ளாமல் இன்னொருவரிடம் விட்ட அந்த அப்பாவின் மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு.

2012 லண்டன் ஒலிம்பிக்ல ஏன் இல்லை? அப்பவே பதினெட்டு வயசு ஆயிடுச்சே?

தேர்வில் இடம் கிடைக்கவில்லை. அண்ணன் டேவிட் தேர்வானார், தங்கை ஆகவில்லை. ஒரே வீடு, ஒரே குளம், ஒரே அப்பா. ஒருவர் மட்டும் ஒலிம்பிக் போகிறார். அதன் பிறகு சில காலம் எம்மா போட்டி நீச்சலை விட்டே ஒதுங்கியிருந்தார்.

திரும்பி வந்ததுதான் அவர் வாழ்க்கையின் முக்கியமான முடிவு என்று நான் சொல்வேன். அன்று அப்படியே விட்டிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். பதினெட்டு வயதில் நீச்சலை விட்டுப் போகும் திறமைசாலிகள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள்.

அண்ணனும் தங்கையும் ஒரே நாள்ல தங்கம் வாங்கினாங்களாமே, உண்மையா?

உண்மை. 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டி, நீச்சலின் முதல் நாள். ஆண்கள் 400 மீட்டர் ஃப்ரீஸ்டைலில் டேவிட் தங்கம். பெண்கள் 200 மீட்டர் ஃப்ரீஸ்டைலில் எம்மா தங்கம்.

இதில் இன்னொரு சுவையான விஷயம் உண்டு. 1978 எட்மண்டன் காமன்வெல்த் போட்டியில் அப்பா ரான் தனிநபர் தங்கம் வென்றது எதில் தெரியுமா? 200 மீட்டர் ஃப்ரீஸ்டைலிலும் 400 மீட்டர் ஃப்ரீஸ்டைலிலும். அப்பாவின் இரண்டு போட்டிகளையும் 36 வருடம் கழித்து மகனும் மகளும் ஆளுக்கொன்றாக, ஒரே நாளில் எடுத்துக்கொண்டார்கள். எனக்கு இதைப் படிக்கும்போதெல்லாம் மனது நிறைந்துவிடும்.

ரியோவுல என்ன ஆச்சு? அதைப் பத்தி யாரும் பேசுறதே இல்லையே?

நான்கு பதக்கம். 4×100 ஃப்ரீஸ்டைல் ரிலேயில் (நான்கு பேர், ஆளுக்கு 100 மீட்டர்) முதலில் குதித்தவர் எம்மாதான். பிரிட்டனி எல்ம்ஸ்லி, பிரான்டி கேம்ப்பெல், கேட் கேம்ப்பெல் தொடர்ந்து நீந்த, 3 நிமிடம் 30.65 நொடியில் உலக சாதனையோடு தங்கம். மற்ற இரண்டு ரிலேக்களில் வெள்ளி. 200 மீட்டர் ஃப்ரீஸ்டைலில் உலகின் முன்னணி வீராங்கனைகளான அமெரிக்காவின் கேட்டி லெடெக்கி, ஸ்வீடனின் சாரா ஷோஸ்ட்ரோம் இருவருக்கும் பின்னால் வெண்கலம். அந்த இரண்டு பெயர்களைப் பார்த்தாலே அந்த வெண்கலத்தின் மதிப்பு புரியும்.

200 மீட்டர் நீந்தினவங்க எப்படி 50 மீட்டர்ல சாம்பியன் ஆனாங்க? ரெண்டும் வேற வேறதானே?

வேறுதான். 50 மீட்டர் என்பது ஒலிம்பிக் குளத்தின் ஒரு நீளம். திரும்புதல் கிடையாது. 24 நொடியில் முடிந்துவிடும். மூச்சை எடுக்க முகத்தைத் திருப்பினாலே உடல் நிலை சற்றுக் கலையும் என்பதால், ஓரிரு முறைக்கு மேல் மூச்சே எடுக்காமல் நீந்துபவர்கள் உண்டு. குதிப்பது கொஞ்சம் தாமதமானால் அதைச் சரிசெய்ய அங்கே இடமே இல்லை. 200 மீட்டரில் நான்கு நீளம், மூன்று திரும்புதல், ஏறக்குறைய இரண்டு நிமிடம். முதல் நூறில் எவ்வளவு செலவழிக்கலாம், கடைசி ஐம்பதுக்கு எவ்வளவு மிச்சம் வைக்க வேண்டும் என்ற கணக்குதான் அங்கே எல்லாம்.

எம்மா தன் இருபதுகளில் 200-லிருந்து மெல்ல மெல்லக் குறுகிய தூரத்துக்கு நகர்ந்தார். பட்டர்ஃப்ளை அவருக்கு இங்கே உதவியிருக்கும் என்று நினைக்கிறேன். தோளின் பலமும், நீருக்கடியில் இரு கால்களையும் சேர்த்து உதைக்கும் டால்ஃபின் உதையும் இரண்டு பாணிகளுக்கும் பொது. 200 மீட்டர் காலத்தில் சேர்த்த தாங்குதிறன், 100 மீட்டரின் கடைசி 15 மீட்டரில் மற்றவர்கள் கை தளரும்போது வேலை செய்யும். ஒரு வாரத்துக்குமேல் தினமும் நீந்த வேண்டியிருந்தால் அது இன்னும் அதிகமாகவே வேலை செய்யும்.

டோக்கியோவுல ஏழு பதக்கம்னா, ஒரே ஆள் எப்படிங்க?

கொரோனாவால் ஒரு வருடம் தள்ளிப்போய் 2021-ல் நடந்த ஒலிம்பிக் அது. நாள் வாரியாகப் பார்ப்போம். ஜூலை 25: 4×100 ஃப்ரீஸ்டைல் ரிலே, 3:29.69, உலக சாதனை, தங்கம். பெண்கள் அணி ஒன்று 3 நிமிடம் 30 நொடிக்குள் நீந்தியது அதுவே முதல் முறை. ஜூலை 26: 100 மீட்டர் பட்டர்ஃப்ளை, 55.72, வெண்கலம். ஜூலை 29: 4×200 ஃப்ரீஸ்டைல் ரிலே, வெண்கலம். ஜூலை 30: 100 மீட்டர் ஃப்ரீஸ்டைல், 51.96, ஒலிம்பிக் சாதனையோடு தங்கம். ஹாங்காங்கின் ஷிவான் ஹாகி 52.27-ல் இரண்டாவது, சக நாட்டவர் கேட் கேம்ப்பெல் மூன்றாவது. ஜூலை 31: கலப்பு மெட்லி ரிலே (இரண்டு ஆண்கள், இரண்டு பெண்கள், ஆளுக்கொரு பாணி), வெண்கலம்.

ஆகஸ்ட் 1, கடைசி நாள். காலையில் 50 மீட்டர் ஃப்ரீஸ்டைல், 23.81, மறுபடியும் ஒலிம்பிக் சாதனை, தங்கம். அதே அமர்வில், உடல் ஆறும் முன்பே, 4×100 மெட்லி ரிலே. இங்கே அவருக்குக் கிடைத்தது பட்டர்ஃப்ளை பகுதி. ஆஸ்திரேலியா 3:51.60, அமெரிக்கா 3:51.73. நான்கு பேர் சேர்ந்து நானூறு மீட்டர் நீந்தி, வித்தியாசம் ஒரு நொடியில் நூற்றுக்குப் பதின்மூன்று பங்கு.

இவை இறுதிச் சுற்றுகள் மட்டுமே. மூன்று தனிநபர் போட்டிகளுக்கும் தகுதிச் சுற்று, அரையிறுதி, இறுதி என்று மூன்று மூன்று முறை நீந்த வேண்டும். அதோடு நான்கு ரிலே இறுதிகளையும் சேர்த்தால் குறைந்தது 13 முறை, எல்லாம் ஒன்பது நாட்களுக்குள். ஒரே ஒலிம்பிக்கில் ஏழு பதக்கம் வென்ற பெண் அவருக்கு முன் ஒரே ஒருவர்தான், 1952 ஹெல்சிங்கியில் சோவியத் ஜிம்னாஸ்ட் மரியா கொரோகோவ்ஸ்கயா. நீச்சலில் எந்தப் பெண்ணும் இல்லை.

ஏழுல நாலு ரிலேதானே? மத்தவங்க நீந்தினதுக்கு இவங்களுக்குப் பதக்கமா?

இதைக் கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது, மீதி மூன்றையும் பாருங்கள் என்பதுதான். இரண்டு தங்கம், ஒரு வெண்கலம், மூன்றும் தனியாக நீந்தி வாங்கியவை. பெண்கள் 50, 100 இரண்டையும் ஒரே ஒலிம்பிக்கில் வெல்வது அரிது.

ரிலேயைப் பற்றியும் ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. அங்கே சுமை குறைவதில்லை, கூடுகிறது. முன்னால் வருபவரின் கை சுவரைத் தொடுவதற்கும் அடுத்தவரின் கால் மேடையை விட்டுக் கிளம்புவதற்கும் இடையில், கால் முந்திக்கொள்ள இயந்திரம் அனுமதிப்பது ஒரு நொடியில் நூற்றில் மூன்று பங்குதான். அதைத் தாண்டினால் நான்கு பேரின் உழைப்பும் போயிற்று. மேடையில் நிற்பவர் குனிந்து, வருபவரின் தலையையும் கைவீச்சையும் பார்த்து, கைகளைச் சுழற்றி, உடலை முன்னே சாய்த்துக்கொண்டே வந்து, கடைசி வீச்சு சுவருக்கு நீளும் அதே கணத்தில் கால் கிளம்ப வேண்டும். பயந்து காத்திருந்தால் பத்தில் இரண்டு நொடி போய்விடும். மேலே சொன்ன மெட்லி ரிலே வித்தியாசத்தை நினைத்துப் பாருங்கள்.

இன்னொரு விதி. ரிலேயின் தகுதிச் சுற்றில் மட்டும் நீந்தியவர்களுக்கும், அணி பதக்கம் வென்றால் பதக்கம் உண்டு. டோக்கியோவில் எம்மா நான்கு ரிலேக்களிலும் இறுதியில்தான் நீந்தினார் என்பதால் அந்த வாதம் அங்கே எழவே எழாது. என் பார்வையில், தகுதிச் சுற்றில் நீந்தியவர் பெறும் பதக்கமும் முழுப் பதக்கம்தான். அவர் இல்லாமல் இறுதிச் சுற்றே இல்லை.

கேலி மெக்கியோன்னு இன்னொருத்தர் இருக்காங்களே, இவங்க தங்கச்சியா?

இல்லை. பெயர் கிட்டத்தட்ட ஒரே மாதிரி ஒலிக்கும், எழுத்தில் வேறு. உறவு எதுவும் கிடையாது. கேலி பேக்ஸ்ட்ரோக் வீராங்கனை. டோக்கியோவிலும் பாரிஸிலும் 100, 200 இரண்டிலும் தங்கம் வென்றவர். அவருடைய அக்கா டெய்லரும் ஒலிம்பிக் நீச்சல் வீராங்கனை என்பதால் குழப்பம் இன்னும் கூடுகிறது. எம்மாவும் கேலியும் ஒரே மெட்லி ரிலே அணியில் நீந்தியிருக்கிறார்கள்.

இவ்வளவு வாங்கினவங்க உலக சாம்பியன் பட்டம் எத்தனை வாங்கியிருக்காங்க?

50 மீட்டர் குளத்தில் நடக்கும் உலக சாம்பியன்ஷிப்பில், தனிநபர் தங்கம் ஒன்றுகூட இல்லை. பலர் நம்ப மறுக்கும் பதில் இது. 2017 புடாபெஸ்ட்டில் 200 மீட்டர் ஃப்ரீஸ்டைலில் இத்தாலியின் ஃபெடரிகா பெல்லெக்ரினிக்குப் பின்னால், லெடெக்கியுடன் சமநேரத்தில் வெள்ளியைப் பகிர்ந்துகொண்டார். 100 மீட்டர் பட்டர்ஃப்ளையில் 2017-ல் வெள்ளி, 2019-ல் வெண்கலம். ரிலேயில் தங்கங்கள் உண்டு. 2019 குவாங்ஜுவில் 4×200 ரிலே உலக சாதனை அணியில் அவரும் ஒருவர்.

உலகப் போட்டியில் கிடைக்காதது டோக்கியோவில், 27 வயதில் கிடைத்தது. ஒலிம்பிக்கில் அவருடைய முதல் தனிநபர் தங்கம் அந்த 100 மீட்டர்தான். லண்டன் தேர்வில் வெளியே நின்றதிலிருந்து கணக்கிட்டால் ஒன்பது வருடம்.

காமன்வெல்த் போட்டியிலும் ஏதோ சாதனைன்னு சொன்னாங்களே?

கிளாஸ்கோ 2014, கோல்ட் கோஸ்ட் 2018, பர்மிங்ஹாம் 2022 மூன்றிலும் சேர்த்து 20 பதக்கம், அதில் 14 தங்கம். காமன்வெல்த் போட்டிகளின் வரலாற்றிலேயே அதிகத் தங்கம் வென்றவர் என்ற பெயரை பர்மிங்ஹாமில் பெற்றார்.

அப்போ ஆஸ்திரேலியாவின் தலைசிறந்த நீச்சல் வீராங்கனை இவங்கதானா?

பதக்க எண்ணிக்கையை மட்டும் வைத்தால், ஆமாம். டோக்கியோவுக்கு முன் ஒன்பது பதக்கத்தோடு இயன் தார்ப்பும் லீசல் ஜோன்ஸும் முதலிடத்தில் இருந்தார்கள். அதைக் கடந்தார். தங்கத்திலும் தார்ப்பின் ஐந்தை பாரிஸில் கடந்தார்.

ஆனால் தலைசிறந்தவர் என்று தீர்ப்பு சொல்ல எனக்குத் தயக்கம் உண்டு. ஆஸ்திரேலிய வீராங்கனை டான் ஃப்ரேசர் 1956, 1960, 1964 என்று மூன்று ஒலிம்பிக்கில் தொடர்ந்து அதே 100 மீட்டர் ஃப்ரீஸ்டைலை வென்றவர். அவர் காலத்தில் பெண்களுக்கு 50 மீட்டர் கிடையாது, கலப்பு ரிலே கிடையாது, 4×200 ரிலேயும் கிடையாது. வாய்ப்பே இல்லாத பதக்கங்களை அவர் கணக்கில் குறை என்று சொல்வது நியாயமாகாது. எம்மாவின் தனிச்சிறப்பு வேறு இடத்தில் இருக்கிறது. 50-லிருந்து 200 வரை, இரண்டு பாணிகளில், எந்த ரிலேயில் எந்த இடத்தில் நிறுத்தினாலும் நீந்தித் தந்தவர். அப்படி ஒருவர் கிடைத்தது அந்த அணியின் அதிர்ஷ்டம்.

பாரிஸ்ல 50, 100 ரெண்டையும் ஏன் நீந்தலை? சாம்பியனுக்கு நேரடி வாய்ப்பு உண்டுதானே?

கிடையாது. அப்பாவைப் பற்றிய கேள்வியில் சொன்ன அதே விதி, நடப்புச் சாம்பியனுக்கும் பொருந்தும். 2024 தேர்வில் அந்த இரண்டிலும் இளையவர்கள் முந்திவிட்டார்கள். 100 மீட்டரை மாலி ஓ'கல்லகனும் ஷேனா ஜாக்கும் பாரிஸில் நீந்தினார்கள். 50 மீட்டரில் மெக் ஹாரிஸ் வெள்ளி வென்றார். எம்மாவின் 50 மீட்டர் ஒலிம்பிக் சாதனையை ஷோஸ்ட்ரோம் 23.66 என்று அங்கே முறியடித்தார்.

எம்மாவுக்குக் கிடைத்த ரிலேக்களில் அவர் குறை வைக்கவில்லை. 4×100 ஃப்ரீஸ்டைல் ரிலே இறுதியில் மூன்றாவதாகக் குதித்தார். 3:28.92, ஒலிம்பிக் சாதனை, தங்கம். அந்த ரிலேயில் அவருக்கு அது தொடர்ந்து மூன்றாவது ஒலிம்பிக் தங்கம். மெட்லி ரிலேயில் வெள்ளியும், கலப்பு மெட்லி ரிலேயில் வெண்கலமும் சேர்ந்தன.

எங்க வீட்டுல யாருக்கும் நீச்சலே தெரியாது. என் பிள்ளையால முடியுமா?

இதைக் கேட்கும் பெற்றோரின் குரலில் ஒரு கவலை இருக்கும். அதனால் தெளிவாகவே சொல்கிறேன்: முடியும். மேலே சொன்ன இயன் தார்ப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். அப்பா கிரிக்கெட் ஆடியவர், அம்மா நெட்பால் ஆடியவர். பையனுக்குச் சிறு வயதில் குளத்துக் குளோரின் ஒத்துக்கொள்ளாமல், தலையை நீருக்கு மேலே தூக்கிக்கொண்டே நீந்தினான். அவன்தான் ஐந்து ஒலிம்பிக் தங்கம் வென்றான்.

மெக்கியன் வீட்டைப் பார்த்து எடுத்துக்கொள்ள வேண்டியது நீச்சல் திறமை அல்ல, அந்தப் பெற்றோர் நடந்துகொண்ட விதம். பிள்ளை தோற்று வந்தபோது கொஞ்ச காலம் விலகி இருக்க விட்டார்கள். வேறு பயிற்சியாளர் தேவைப்பட்டபோது அனுப்பி வைத்தார்கள். இதற்கு நீச்சல் தெரிந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. இப்போதைக்குப் பிள்ளையை நீச்சல் தெரிந்த, பொறுமையான ஒரு பயிற்சியாளரிடம் சேருங்கள். முதல் ஓரிரு வருடம் கடிகாரத்தைப் பார்க்காதீர்கள்.